பூனைக் கேள்வி

“உங்க பூனை மேல நான்தாங்க காரை ஏத்திட்டேன்.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதும், எதிரே இருந்த அம்மாள் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். வெளியே மணி அடித்தது. பெண் வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். அம்மாள் சட்டென்று அழுகையை நிறுத்தி, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

காலையிலிருந்து அவருக்கு இதே வேலைதான். மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வில் அழுவதற்கென்றே கூட்டி வந்த நாடகக்காரம்மா அவர். பேராசிரியரின் அறைக் கதவில், பெயர்ப் பலகைக்குக் கீழே ஓர் அட்டை தொங்கும். ‘பக்கத்து வீட்டுப் பூனை உங்கள் காரில் அடிபட்டுச் செத்துவிட்டது. அந்த வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.’ மணி அடித்ததும் மாணவர்கள் அதைப் படித்துவிட்டு உள்ளே வர வேண்டும். கெட்ட செய்தியை யார் எப்படிச் சொல்கிறார்கள் என்று மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார் பேராசிரியர்.

கேள்வியைத் தயாரித்தவரும் அவரேதான். அதற்குப் பெரிய கற்பனையெல்லாம் தேவைப்படவில்லை. போன மாதம் எதிர்வீட்டு அக்காவின் பூனை மாட்டியது அவர் கார்ச் சக்கரத்தில்தான். இப்போது கீழே அவர் பெயர் எழுதிய இடத்தில் சாதுவாக நிற்கிறதே, அதே கார். பூனையைத் தோட்டத்தில் கமுக்கமாகப் புதைத்துவிட்டு, “எங்கேயாவது சுத்திட்டு வந்துடும்க்கா” என்று சொல்லித் தொலைத்திருந்தார். அந்த அக்கா இன்னமும் வாசலில் பால் கிண்ணம் வைக்கிறார். ஒவ்வொரு பிள்ளையும் வந்து ஒப்புக்கொள்ளும்போது பேராசிரியருக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்து வந்தவன் ஓர் அவசரக்குடுக்கை. மணி அடிக்கும் முன்பே கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பேராசிரியர் முன்னால் போய் நின்றான்.

“சார், என்னை மன்னிச்சிடுங்க. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால பார்க்கலை. சத்தம் கேட்டதும்தான் இறங்கினேன். யாரும் பார்க்கலைன்னு தெரிஞ்சதும் நைசா நழுவிட்டேன்.”

அம்மாள் அழ மறந்து உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. பேராசிரியரால் முடியவில்லை. “அப்புறம் ஏம்ப்பா வந்து சொல்றே?”

“மனசு கேக்கலை சார். மூடி மறைச்சா சீட்டு கிடைச்சிடும். ஆனா இன்னைக்கு இதையே சொல்லலைன்னா, நாளைக்கு ஆபரேஷன்ல ஒரு தப்பு பண்ணிட்டு வெளியே வந்து சொல்லுவேனா?”

பேராசிரியருக்கு அவன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. மீசைகூடச் சரியாக முளைக்காத பயல்! செல்போனை எடுத்தார். ‘அக்கா, பூனை வராது. என் கார்லதான் அடிபட்டுச்சு. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க’ என்று தட்டி, மனம் மாறுவதற்குள் எதிர்வீட்டுக்கு அனுப்பினார். மனப்பாரம் இறங்கியது.

“முழு மார்க் தம்பி! காலைலேர்ந்து பார்க்கிறேன், உன்னை மாதிரி யாருமே நடிக்கலை. பூனைக்காரம்மா இங்க உட்கார்ந்திருக்க, என்கிட்ட வந்து சொன்னே பாரு, அது ஒண்ணுதான் குறை.”

அப்போதுதான் வெளியே மணி அடித்தது. பையன் பேந்தப் பேந்த விழித்தான்.

“எந்தப் பூனை சார்? நான் இடிச்சது கீழே நிக்கிற உங்க காரை!”