ஷெரீப்பின் தொப்பி

கடைசித் தாள் அச்சு இயந்திரத்திலிருந்து இறங்குகிறது. ஷெரீப் எனப்படும் அமெரிக்கப் போலீஸ் அதிகாரியின் கதைத் தொகுப்பை மூன்று நாளாகத் தாள் தாளாக மடித்துக்கொண்டே படித்த ஐந்து பெண்களின் கைகளும் மேசைமேல் அப்படியே நிற்கின்றன. முந்தைய தாள் ஷெரீப்பை நோக்கித் துப்பாக்கி வெடித்ததோடு முடிந்திருந்தது. “மை காயலக்கா, கையில ஒட்டிக்கும்,” என்கிறார் மெஷின்காரர். ஐவரில் மூத்தவளான அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஈரத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறாள். மடிக்காத தாளில் கதை தொடரும் பக்கம் தலைகீழாக இருக்கிறது. தாளைத் திருப்பத் தோன்றாமல் தன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாசிக்கிறாள்.  “பொழைச்சாரா இல்லையா, சொல்லுங்க அண்ணி,” என்கிறாள் பக்கத்தில் மடிக்கும் அவள் நாத்தனார். “தொப்பி பறந்துபோய் விழுந்துடுச்சு.”  அக்காவின் மை அப்பிய விரல் அடுத்த வரிக்கு நகர்கிறது. “குனிஞ்சு எடுத்துக்கிறார்.” ஐந்து பேரும் சரக் சரக்கென்று மறுபடி மடிக்கிறார்கள்.