இரண்டு ஹெல்மெட்

ஞாயிற்றுக்கிழமையும் குடோனில் வேலை இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவன் பைக்கை எடுத்தான். காடுமேடெல்லாம் ஏறுகிற உயரமான அட்வென்ச்சர் பைக். மனைவி அதை ஒட்டகம் என்பாள். படுக்கையை விட்டு எழ முடியாத அவன் அம்மாவுக்கு ஊட்டுவதும், துடைப்பதும், திருப்பிப் படுக்க வைப்பதும் அவள்தான்.

பாரத்தை அந்த பைக்கே கண்டுபிடித்து ஸ்பிரிங்கை இறுக்கிக்கொள்ளும். ஒருவர் உட்கார்ந்தால் திரையில் ஒரு ஹெல்மெட் படம் வரும். இருவர் என்றால் இரண்டு. ஊரைத் தாண்டியதும் அன்றும் இரண்டு வந்தது. சில வாரங்களாகவே இப்படித்தான்.

போன வாரமே மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டார். “சென்சார் நல்லாத்தான் இருக்கு தம்பி. பின்னாடி யாரையாவது ஏத்திட்டுப் போறீங்களா?”

“இல்லண்ணே, தனியாத்தான்.”

மாலைவரை செம்மண் பாதையில் சுற்றினான். ஓடையை வேகமாகக் கடந்தபோது பைக் கல்லில் ஏறித் தூக்கிப்போட்டது. திரும்பும் வழியில் பூட்ஸைக் கழுவி, சட்டையை மாற்றி, முகத்தில் களைப்பை வரவழைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

மனைவி அம்மாவின் கட்டிலருகே வாளியோடு உட்கார்ந்திருந்தாள்.

“வேலை ஜாஸ்தியா?”

“ஆமா. லோடு மேல லோடு.”

“பாவம், போய்ப் படுங்க,” என்றபடி அம்மாவின் பாதங்களைத் துடைத்துத் துணியைப் பிழிந்தாள். வாளித் தண்ணீர் செம்மண்ணாகக் கலங்கியது. “காலைலதானே துடைச்சேன்,” என்றாள்.

அம்மா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

“அடுத்த வாரம் அந்த ஓடைகிட்ட மெதுவாப் போப்பா.”