கோடு போட்ட டம்ளர்

"இல்லேங்கிறியா? இந்த ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்டி! வந்த பொம்பளைங்க எல்லாருக்கும் வெறும் டம்ளரு. எனக்கு மட்டும் அடையாளம் போட்ட டம்ளரு!"

அன்னக்கொடி கொதிச்சா. மக திவ்யா நம்பல.

"போம்மா. ஜானு மாமி அப்படிப்பட்டவங்க இல்ல."

திருநகர்ல ரெண்டு வீடும் ஒரே தெரு. முந்தின நாள் மாமி வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தா அன்னக்கொடி. மாமி வீட்டுக்காரர் விஸ்வேஸ்வரன் கணக்கு வாத்தியார். திவ்யாவுக்கு டியூஷன் எடுக்கிறதும் அவர்தான்.

"என்ன அடையாளம்? வரைஞ்சு காட்டு."

அன்னக்கொடி தண்ணியில விரலத் தொட்டுத் தரையில வரைஞ்சா. இங்கிலீஷ் 'ஈ' மாதிரி ஒரு வளைவு. குறுக்கால சாய்வா ஒரு கோடு.

திவ்யா மொகம் மாறிப்போச்சு.

"இது கணக்குல வர்றதும்மா. கோடு இல்லேன்னா, 'இந்தக் கூட்டத்தச் சேந்தது'ன்னு அர்த்தம்."

"கோடு போட்டா?"

"'சேராதது'ன்னு அர்த்தம்."

போதாதா!

"பாத்தியா, பாத்தியா! இந்தக் காலத்துல தனி டம்ளரு! அதான் ஒரு வாய் குடிக்காம வச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். இனிமே அந்த டியூஷனும் உனக்கு வேணாம்!"

"அய்யோ, பரீட்சை வருதும்மா!"

யாரு கேக்குறா? அன்னக்கொடி செருப்ப மாட்டிட்டா. அவ சண்டைக்குக் கெளம்புனா சாமானியமா திரும்ப மாட்டா. போன வருசம் பரவை மார்க்கெட்டுல முத்துன முருங்கைக்காயத் தலையில கட்டிட்டான்னு கடைக்காரர்ட்ட மல்லுக்கு நின்னவ, கடைசியில அவரு மக கல்யாணத்துக்கு மொத பந்தியில உக்காந்து சாப்பிட்டு வந்தா. அது கெடக்கட்டும்.

மாமி வீட்டுக் கூடத்துல விஸ்வேஸ்வரன் காபி குடிச்சுக்கிட்டிருந்தார். கையில அதே டம்ளரு!

"சார்... இது எனக்குக் குடுத்த டம்ளராச்சே!"

"என் டம்ளர்ம்மா இது. நேத்திக்கு உங்களுக்குக் கடன் குடுத்திருக்கா." சிரிச்சார். "எனக்கு சுகர். சர்க்கரை போட்ட கூட்டத்துல இது சேராதுன்னு நான்தான் வரைஞ்சு வச்சேன். இல்லேன்னா இவ மாத்திக் குடுத்துடறா."

அதுக்குள்ள ஜானு மாமி அன்னக்கொடியச் சமையக்கட்டுக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. காதோட காதா சொன்னாங்க.

"போன மாசம் ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துல என்ன சொன்னேள்? 'சுகர் வந்துருக்கு, யாருக்கும் தெரிய வேண்டாம்'னு சொன்னேளே? அத்தனை பேர் நடுவுல 'இந்தாங்கோ சர்க்கரை இல்லாத காபி'ன்னு எப்படி நீட்டறது? தட்டுல மாறிடவும் கூடாது. அதான் இவர் டம்ளர்லயே கலந்தேன்."

அன்னக்கொடி கூடத்துப் பக்கம் எட்டிப் பாத்துட்டு, சமையக்கட்டுக் கதவ ஒருக்களிச்சுச் சாத்துனா.

"நீங்கதான் தொடாம வச்சுட்டுப் போய்ட்டேள். பாலை வீணாக்குவானேன்னு அதையும் இவரே குடிச்சுட்டார்."

"நான் வச்சுட்டுப் போனதையா?"

"ஆறி அவலாயிடுத்தாம். அதுக்கு ராத்திரி பூரா எனக்குத்தான் திட்டு!"

சண்டை போட வந்தவளுக்கு சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. மாமி அந்த டம்ளரக் கழுவி, அதுலயே இன்னொரு காபி கலந்தாங்க. இந்தத் தடவ அன்னக்கொடி ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. எந்திரிக்கும்போது, "நாளைக்கு திவ்யா நேரத்தோட வந்துருவா சார்"னு சொல்லிட்டு, கை நெறைய சுண்டலோட வீட்டுக்கு வந்தா.

வாசல்ல சோணை உக்காந்திருந்தாரு. சாக்கடை அடைச்சுக்கிட்டா எடுத்துவிட வர்றவரு. வேலைய முடிச்சுட்டுத் துண்டால வேர்வையத் தொடச்சுக்கிட்டிருந்தாரு.

"தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

"இந்தா வாரேன்"னு பின்பக்கம் திரும்புன அன்னக்கொடி, அப்படியே நின்னா. மாமி வீட்டுக் காபி இன்னும் நாக்குல இருந்துச்சு.

"அடியே திவ்யா! கொல்லைக் குழாயடியில சோணையண்ணனுக்குன்னு தனியாக் கவுத்தி வச்சிருக்கோம்ல ஒரு டம்ளரு, அத உள்ள எடுத்துட்டு வந்து நம்ம டம்ளருங்களோட சேத்து வைடி!"