இருபதுக்குக் கீழே

அந்தக் கூடைப்பந்துக் கழகத்துக்கு வயது மூன்று. பாரீஸ் நகரத்தில் அப்படியொரு கழகம் இருப்பது அதன் முதலாளிக்குத் தெரியும், ஆடுகிறவர்களுக்குத் தெரியும், அரங்கில் விளக்கணைக்கிற ஆளுக்கும் தெரியும். மற்ற பாரீஸ்காரர்களுக்குக் கால்பந்து இருந்தது, வேலைநிறுத்தம் இருந்தது. அவர்களுக்குப் பொழுது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

இந்த வருஷம் கழகத்துக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஃபோதே துன்காரா என்று ஒருவன் வந்து சேர்ந்தான். ஆறே முக்கால் அடி உயரம், தாடி, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி குரல். வயது பத்தொன்பது என்று பிறப்புச் சான்றிதழின் நகலை நீட்டினான். அசலைக் கொண்டுவா என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் இருபது வயதுக்குக் கீழே ஒருவனையாவது இறக்கியாக வேண்டும் என்பது லீக் விதி. கழகத்தின் ஒரே சின்னப் பையனோ முழங்காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஃபோதே ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் வெற்றி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் ஜெயித்தால் முதல் டிவிஷன். அவனைக் கண்டுபிடித்த இயக்குநர் ரெஜிஸ் வொக்லேன் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை.

முப்பது வயதுத் தடியன்களைப் பத்தொன்பது வயதுக்காரன் தோளால் இடித்து உட்கார வைப்பானா? காலைப் பயிற்சிக்கு ஒரு நாளும் வருவதில்லை. கேட்டால் வேறு வேலை இருக்கிறது என்பான். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் பீர் குடிக்கப் போனால், இவன் மட்டும் வீட்டில் திட்டுவார்கள் என்று மெட்ரோவுக்கு ஓடுவான். வீட்டுக்குப் பயந்து ஓடுகிற ஓட்டம் எந்த வயதில் வரும் என்பது, இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்ட வொக்லேனுக்குத் தெரியாதா என்ன?

இருபதைத் தாண்டியவன் என்று லீக்குக்குத் தெரிந்தால் ஒன்பது வெற்றியும் ரத்து. வொக்லேனின் வேலையும் கூடவே போய்விடும். பயந்துபோய் ப்ரூவோ என்ற தனியார் துப்பறிவாளரை அமர்த்தினார்.

ப்ரூவோ ஒரு வாரம் ஃபோதேயைப் பின்தொடர்ந்தார். அதாவது, எதிர் காபிக்கடையில் உட்கார்ந்திருந்தார். பிறகு படங்களை மேசையில் பரப்பினார்.

"காலைல எட்டு மணிக்கு ஸ்கூல் வாசலுக்குப் போறான். தோள்ல ஸ்கூல் பை. சாயங்காலம் நாலரைக்கு அதே பையோட திரும்பி வர்றான்."

"குழந்தை எங்க?"

"அந்தக் கும்பல்ல எந்தக் குழந்தைன்னு கண்டேன், முசியே? இவன் தலை ஒண்ணுதான் மேல தெரியுது. ஆனா வியாழக்கிழமை ஒரு பொம்பளை வந்தா. ஸ்கூல்ல கூப்பிட்டு விட்டிருப்பாங்க போல, கையில கடுதாசி. இவனை நடுத்தெருவுல நிறுத்தி இருபது நிமிஷம் வாங்கு வாங்குன்னு வாங்கினா. போனைப் பிடுங்கிக்கிட்டா. குடுத்துட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான்."

"பெண்டாட்டிதான்," என்றார் வொக்லேன், அனுபவத்தோடு.

பள்ளிக்குப் போகிற குழந்தைக்கு ஆறு வயதாவது இருக்கும். அப்படியானால் அப்பனுக்கு இருபத்தெட்டு. எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் இருபத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை.

அன்று மாலையே ஃபோதேயை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வயது விஷயம் தெரிந்துவிட்டது என்ற ஒரே வார்த்தைக்கு அவன் உடைந்துபோனான். நகலில் வருஷத்தை மாற்றியது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். ஆட வேண்டும் என்ற ஆசை, வேறு வழி தெரியவில்லை என்று அழுதான். போலீஸுக்குப் போகாதீர்கள் என்று கெஞ்சினான்.

வொக்லேனுக்குப் போலீஸ் எதற்கு? அவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும். அவர் போட்ட திட்டம் சின்னது. கழகத்தை ஏமாற்றியது நாங்கள்தான், இயக்குநர் ஒன்றும் அறியாதவர் என்று புருஷனும் பெண்டாட்டியும் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று தன் மேசை இழுப்பறையில் தூங்க வேண்டும். விஷயம் வெளியே வராவிட்டால் முதல் டிவிஷன். வந்தால் ஃபோதேதான் உள்ளே போவான்.

"ஸ்கூல் வாசல்ல உன்னைத் திட்டினாங்களே, அவங்களை நாளைக்குக் கூட்டிட்டு வா."

ஃபோதேயின் முகம் வெளுத்தது. "அவங்க வேண்டாம், முசியே. நீங்க போலீஸையே கூப்பிடுங்க."

வொக்லேனுக்கு அவன்மேல் முதல்முறையாகப் பரிதாபம் வந்தது. நல்ல மனிதர்கள் எல்லாருக்கும் இதே தலையெழுத்துதான்போல.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து சீருடையோடு நேராக வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது பார்த்தவுடனே புரிந்தது. வொக்லேன் தன் கையாலேயே காபி ஊற்றிக் கொடுத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மூன்று மாதமாகத் தினம் மாலையில் பயிற்சி, ஒன்பது ஆட்டம், சான்றிதழில் செய்த தில்லுமுல்லு, எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அவள் மெல்லத் திரும்பி ஃபோதேயைப் பார்த்தாள். ஆறே முக்கால் அடி ஆள் எவ்வளவு சுருங்க முடியுமோ அவ்வளவு சுருங்கினான்.

"தப்புதான், மதாம். ஆனா நான் உலகம் தெரிஞ்சவன். இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை இவர் ஆடணும், அவ்வளவுதான்."

அவள் சான்றிதழ் நகலை வாங்கி வருஷத்தை இரண்டு தரம் பார்த்தாள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

வொக்லேனுக்குப் போன உயிர் வந்தது. "ராத்திரி எட்டரைக்கு, மதாம். முதல் வரிசையில உங்களுக்கு சீட் போட்டுடறேன்."

அவள் இரண்டு காகிதத்தையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எட்டரைக்கா? முடியாதுங்க, திங்கக்கிழமை எம்புள்ளை இவனுக்கு எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை," என்று சொல்லிவிட்டு, ஃபோதேயின் காதைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.