கொட்டாவிக்கு அஞ்சிய விசுவாசம்

ஒரே கொட்டாவியால் மூன்று வேட்பாளர்களைக் கடவுளிடமிருந்து பிடுங்கி எறிந்தவன் நான்.

எங்கள் சபை நடத்திய ‘விசுவாசமும் அரசியலும்’ கூட்டத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் வேட்பாளர்களின் மூக்குக்கண்ணாடி கேட்பவர் முகத்தைப் பார்த்து, அடுத்து என்ன பேசலாமென்று காதில் ஓதிவிடும். மூவரும் கண்ணீர் மல்கச் சாட்சி சொன்னார்கள். நீர்யானை வெட்கப்படும்படி நான் வாயைப் பிளந்தேன். அந்த நொடியே மூவரும் பரலோகத்தை விட்டுப் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு இறங்கிவிட்டார்கள்.

“அளக்காதீங்க அத்தான்,” என்றான் மைத்துனன் ஞானசிகாமணி. “அந்த மூணு பேர்ல தவராஜ் மட்டும் அப்படிப்பட்டவரு இல்ல. நாளைக்கு எம் மக எமிலிக்கு ஆபரேஷன்னு ஜெபிக்க இன்னைக்கு வீட்டுக்கே வாறாரு. எங்க ஓட்டு அவருக்குத்தான்.”

“ஜெபத்துக்கு நடுவுல ஒரு கொட்டாவி விட்டுப் பாருல.”

சாயங்காலம் முகம் செத்து வந்தான்.

“எமிலி தலையில கைய வச்சு உருகி உருகி ஜெபிச்சாரு. நான் சும்மா வாயத் தொறந்தேன். உடனே கைய எடுத்துட்டுக் கிரிக்கெட் பேச ஆரம்பிச்சிட்டான். அவ கண்ண மூடி, ஆமென் சொல்லக் காத்துக்கிட்டே இருந்தா. நீங்க சொன்னது நெசந்தான் அத்தான்.”