கரைக்குப் பச்சை

கதவுக்கு உள்ளே காவேரி சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

என் மனைவிக்கு அவ்வளவு குரல் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

“இல்ல சார், நீங்க சொல்றது தப்பு. எங்க வூட்டுக்காரருக்கு நான் இன்னாத்துக்கு பயப்படணும்?”

மனநல ஆலோசகர் டேனியலின் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்பவளை வாராவாரம் நான்தான் வண்டியில் கூட்டி வருகிறேன்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. எனக்காக அல்லவா பேசுகிறாள்!

அந்த ஆளுக்குக் கோபம் வரும் என்று ஆசையோடு காதைத் தீட்டிக்கொண்டேன்.

“சரிம்மா, நான் தப்பா புரிஞ்சிக்கினு இருக்கலாம். எது சரின்னு நீங்களே சொல்லுங்க.”

அவ்வளவுதான். படித்த மனுஷன், இப்படியா பொசுக்கென்று இறங்கிப் போவார்?

காவேரி சிரித்தாள். அப்புறம் குரல் தணிந்துவிட்டது. மேற்கொண்டு எதுவும் என் காதில் விழவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது.

சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். சண்டை போட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தறியில் என் பக்கத்தில்தான் உட்காருகிறாள். சேலையின் உடலுக்கு நூல் சுற்றிய நாடாவை நான் விடுவேன், கரைக்கு அவள் விடுவாள். தோள் உரசும் தூரம். ஒரு தடவைகூட என்னிடம் ‘தப்பு’ என்று சொன்னதில்லை. நேற்று வந்த இவரிடம் சொல்கிறாள்.

எனக்கும் அது வேண்டும்போல் இருந்தது.

வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

படியிறங்குவதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. தறியில் மஞ்சள் சேலை பாதி முடிந்திருக்கிறது. கரை அரக்கு. பாதியில் கரைக்கு நிறம் மாற்றினால் சேலை பாழ். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைகூடக் கைகொட்டிச் சிரிக்கும்.

“காவேரி, நாளையிலேர்ந்து கரைக்குப் பச்சை விடலாம்னு பாக்கறேன். இன்னா சொல்றே?”

பைத்தியமா உனக்கு என்று கேட்பாள். கேட்கட்டும், நடுத்தெருவில் நின்றே கேட்கட்டும். வண்டிச் சாவியைக்கூட எடுக்காமல் காத்திருந்தேன்.

அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

“சரிங்க,” என்றாள். “பச்சைப் பட்டு சுத்தி வெச்சிடறேன்.”