முற்றும் இல்லாத காமிக்ஸ்

பழைய புத்தகக் கடையில் ஒரு காமிக்ஸும் ஒரு தடித்த அகராதியும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. காமிக்ஸுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. ஆசையாக எடுப்பவர்களும் பின்னால் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவார்கள்.

"'முற்றும்'கூட இல்லாம நீயெல்லாம் ஒரு கதையா?" என்று அகராதி சலித்துக்கொள்ளும். "எங்கிட்ட பாரு, அந்தச் சொல் பத்திரமா இருக்கு."

எந்தத் தப்புக்காகத் தன்னைக் கிழித்தார்கள் என்று காமிக்ஸுக்கு விளங்கவே இல்லை.

ஒரு நாள், நரை விழுந்த பெண் ஒருத்தி வந்தாள். காமிக்ஸைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். முதல் பக்கத்தில் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'ப. தில்லைநாயகி, ஐந்தாம் வகுப்பு, ஆ பிரிவு. யாரும் எடுக்கக் கூடாது.'

"கடைசிப் பக்கம் இல்லீங்கம்மா, வேற பாருங்க" என்றார் கடைக்காரர்.

"தெரியும்ணே, நான்தான் கிழிச்சேன்" என்றாள் அவள். "அதுலதான் குதிரை செத்துப்போகும்."

மிஞ்சியிருந்த பக்கத்தில் குதிரை பிடரி பறக்க ஓடிக்கொண்டிருந்தது.

அவள் காமிக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பியபோது, அகராதி முதல்முறையாகத் தணிந்து பேசியது: "நல்லபடியா போய்ட்டு வா. அந்தச் சொல் எங்கிட்டயே இருக்கட்டும்."